நண்பர்களுக்கிடையே பெயர் மறைத்த டெக்கீலா சுவைத் தேர்வை எப்படி நடத்துவது?

கேள்வி: ஆறுகோப்பை

வணக்கம். நாங்கள் ஆறு நண்பர்கள். அகேவ் என்னும் மெக்சிகோக் கற்றாழையிலிருந்து வடிக்கும் மதுவான டெக்கீலாவைப் பற்றி எங்களுக்குள் நெடுநாளாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. ஓக் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்த, விலை மிகுந்த டெக்கீலாவே உயர்ந்தது என்று இருவர் வாதிடுகிறார்கள். மரத்தின் மணம் ஏறாத பிளாங்கோவில்தான் கற்றாழையின் உண்மையான சுவை தெரியும் என்று வேறு இருவர் சாதிக்கிறார்கள். நானும் இன்னொருவரும் எந்தப் பக்கமும் சேராமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பெயரையும் விலையையும் மறைத்துவிட்டுச் சுவைத்துப் பார்த்தால் வழக்கு தீர்ந்துவிடும் என்று நம்பிச் சென்ற மாதம் ஒரு மாலையில் கூடினோம்.

அது சரியாக அமையவில்லை. பாட்டில்களைக் காகிதத்தில் சுற்றியிருந்தேன். ஆனாலும் கழுத்தின் நீளத்தையும் மூடியின் வடிவத்தையும் பார்த்தே இரண்டை அடையாளம் கண்டுவிட்டார்கள். கோப்பையில் ஊற்றியதும் நிறம் மீதியைச் சொல்லிவிட்டது. மூன்றாவது கோப்பை வருவதற்குள் எல்லோரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். முதலில் பேசியவர் சொன்னதையே பிறரும் தாளில் எழுதியிருந்ததைப் பிறகு கவனித்தேன்.

மறுபடியும் நடத்த விரும்புகிறேன். என்னிடம் இரண்டு பிளாங்கோ, சிறிது காலம் பீப்பாயில் இருந்த இரண்டு ரெப்போசாதோ, அதைவிட நெடுநாள் இருந்த ஒரு அன்யேஹோ ஆக ஐந்து பாட்டில்கள் உள்ளன. எதை எதனோடு வைக்க வேண்டும், எவ்வளவு ஊற்ற வேண்டும், எப்படி மறைக்க வேண்டும், மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: நீலக்கற்றாழை

நண்பரே, ஒரு மாலைக்கு ஒரு கேள்வி போதும் என்பதையே முதலில் சொல்ல விரும்புகிறேன். உங்கள் ஐந்து பாட்டில்களையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் பெரும்பாலும் மரம்தான் வெல்லும். பீப்பாய் தரும் வனிலா, கேரமல், பட்டை போன்ற மணங்கள் நாம் குழந்தைப் பருவம் முதல் இனிப்போடு சேர்த்துப் பழகியவை. அவற்றின் அருகில் பிளாங்கோவின் மிளகுக் காரமும், பச்சிலை வாசமும், வெந்த கற்றாழையின் மணமும் மெலிந்து தோன்றும். அப்படி ஒரு முடிவு வந்தால், உங்கள் நண்பர்களுக்கு இனிப்பு பிடிக்கும் என்பதுதான் தெரியவரும். எந்த டெக்கீலா நன்றாகச் செய்யப்பட்டது என்பது தெரியவராது.

வகைகளின் வரையறையை எல்லோருக்கும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். வடித்தவுடனோ இரண்டு மாதத்துக்குள்ளோ பாட்டிலில் அடைக்கப்படுவது பிளாங்கோ. ஓக் மரத்தில் குறைந்தது இரண்டு மாதம் இருந்தது ரெப்போசாதோ. 600 லிட்டருக்கு மிகாத பீப்பாயில் ஓராண்டாவது இருந்தது அன்யேஹோ. மூன்றாண்டைக் கடந்தவை எக்ஸ்ட்ரா அன்யேஹோ. அந்த வகை 2006-இல்தான் சேர்க்கப்பட்டது. பதினொரு மாதம் பீப்பாயில் கிடந்ததும் இரண்டு மாதம் கிடந்ததும் ஒரே பெயரில் வருவதால், ரெப்போசாதோக்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போதுகூடக் கவனம் வேண்டும். அண்மைக் காலத்தில் பரவியுள்ள கிறிஸ்டலினோ இன்னும் குழப்பக்கூடியது. பீப்பாயில் வைத்த டெக்கீலாவைக் கரியின் வழியே வடிகட்டி நிறத்தை நீக்குகிறார்கள். கண்ணுக்கு அது பிளாங்கோ, நாக்குக்கு அன்யேஹோவின் சாயல்.

என் பரிந்துரை, முதல் மாலையை நான்கு பிளாங்கோக்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே. மரத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள இடமில்லாத வகை அது. இன்னும் இரண்டு பாட்டில் வாங்க வேண்டியிருக்கும். செலவை ஆறு பேரும் பகிர்ந்துகொள்ளலாம். எல்லாப் பாட்டில்களிலும் 100 சதவீத அகேவ் என்று அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சொற்கள் இல்லையென்றால் சர்க்கரையில் 51 சதவீதம் மட்டும் கற்றாழையிலிருந்து வந்திருந்தாலே போதும் என்பதுதான் விதி; அதைப் பேச்சு வழக்கில் மிக்ஸ்தோ என்பார்கள். சாராய வலிமையையும் பாருங்கள். சட்டம் 35 முதல் 55 சதவீதம் வரை அனுமதிக்கிறது. 38 சதவீதம் உள்ளதையும் 50-ஐத் தாண்டியதையும் அருகருகே வைத்தால் எரிச்சலைத்தான் ஒப்பிடுவீர்கள்.

நான்கையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் உண்மையான இன்பம் இருக்கிறது. மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் இரண்டு நிலங்களைப் பற்றி எப்போதும் பேசுவார்கள். அரன்தாஸ் நகரைச் சுற்றிய லோஸ் ஆல்டோஸ் என்னும் மேட்டுநிலம் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள செம்மண் பூமி. டெக்கீலா, அமதித்தான் ஆகிய ஊர்கள் உள்ள பள்ளத்தாக்கு சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், டெக்கீலா எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மேட்டுநிலத்தினது பழமணமும் இனிமையும் கூடியது, பள்ளத்தாக்கினது மண்வாசமும் மூலிகையும் கூடியது என்பது பரவலான கருத்து. இரண்டுக்கு இரண்டு என வைத்து, அந்தக் கருத்து உங்கள் நாக்கில் நிற்கிறதா என்று பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், நிலத்தைவிடச் செய்முறையே கோப்பையில் தெளிவாகத் தெரியும் என்பேன். கற்றாழையின் நடுப்பகுதியான பீன்யாவைச் செங்கல் அடுப்பில் ஆவியால் நாள்கணக்கில் வேகவைப்பவர்கள் இருக்கிறார்கள். அழுத்தக் கலனில் சில மணி நேரத்தில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேகவைப்பதற்கு முன்பே டிஃபியூசர் என்னும் பெரிய எந்திரத்தில் சாற்றைக் கழுவி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். வெந்த கற்றாழையின் மணம், சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டதுபோன்ற அந்த மணம், முதல் வகையில்தான் நிறைந்திருக்கும்.

லேபிளில் நோம் (NOM) என்பதற்குப் பின் வரும் நான்கு இலக்க எண்ணையும் தவறாமல் பாருங்கள். எந்த உற்பத்தியாளர் வடித்தார் என்பதை அது காட்டும். எல் டெசோரோ, டபாட்டியோ இரண்டிலும் 1139 என்ற எண்ணே இருக்கும். அவை இரண்டும் அரன்தாஸில் 1937-இல் தொடங்கப்பட்ட லா அல்டேன்யா வடிசாலையிலிருந்து வருபவை. வெவ்வேறு பெயர் என்று நம்பி ஒரே கூரையின் கீழ் வடித்தவற்றை வாங்கிவிடாமல் இருக்க இந்த எண் உதவும். வேண்டுமென்றே அப்படி இரண்டை வைத்து ஒரு மாலை நடத்துவதும் அருமையாக இருக்கும்.

பதில்: மணமறிவோன்

மேலே உள்ள பதிலோடு முழுவதும் உடன்படுகிறேன். நான் ஊற்றுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பாட்டிலைச் சுற்றி மறைக்கும் முறையை விட்டுவிடுங்கள். ஒரே மாதிரியான, மணமில்லாத, நன்கு கழுவி உலர்த்திய வெற்றுக் கண்ணாடிக் குப்பிகளில் மாற்றி ஊற்றிவிட்டால் கழுத்தும் மூடியும் எவருக்கும் எதையும் சொல்லாது. ஒருவர் மாற்றி ஊற்றி அடியில் தற்காலிகக் குறியை ஒட்டட்டும். அவர் வெளியேறிய பின் இன்னொருவர் வந்து, குப்பிகளின் இடத்தை மாற்றி, அந்தக் குறிகளுக்குப் புதிய எண்களைக் கொடுத்து, அந்தப் பட்டியலை உறையிலிட்டு ஒட்டட்டும். இப்படிச் செய்தால் எது எது என்பது ஒருவருக்கும் முழுமையாகத் தெரியாது. விருந்தளிப்பவரும் கவலையின்றிச் சுவைக்கலாம். இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. விடை தெரிந்தவர் மேசையில் இருந்தால் அவருடைய புருவமே காட்டிக்கொடுத்துவிடும்.

அ, ஆ, இ என்றோ 1, 2, 3 என்றோ குறியிடாதீர்கள். முதல் எழுத்துக்கும் முதல் எண்ணுக்கும் மனம் தானாக ஒரு மதிப்பைக் கொடுத்துவிடும். சுவை ஆய்வுக்கூடங்களில் 417, 862 என்பதுபோலத் தொடர்பற்ற மூன்றிலக்க எண்களைப் பயன்படுத்துவது இதனால்தான்.

பிளாங்கோ மட்டும் என்றால் நிறத்தைப் பற்றி அதிகம் கவலை இல்லை. ரெப்போசாதோவும் அன்யேஹோவும் வரும் மாலையில் கறுப்பு அல்லது அடர்நீலக் கோப்பைகள் தேவைப்படும். ஆலிவ் எண்ணெயைச் சுவைத்துத் தரம் பிரிப்பவர்கள் நிறம் தெரியாத வண்ணக் கோப்பைகளையே பயன்படுத்துகிறார்கள். நிறம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 2001-இல் வெளியான, பிரான்சின் போர்தோவில் நடந்த ஆய்வு நல்ல சான்று. ஒயின் இயல் பயிலும் 54 மாணவர்களுக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதை வருணித்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே அந்த நிலை என்றால் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோப்பை, வாய் சற்றுக் குவிந்த சிறிய ஒயின் கோப்பையாக இருக்கட்டும். கெட்டியான சிறு ஷாட் கோப்பையில் மணம் தங்காது. ஒரு கோப்பைக்கு 15 மில்லி போதுமானது. ஐந்து கோப்பைக்கு 75 மில்லி ஆகிறது. 40 சதவீத வலிமையில் அது ஏறத்தாழ 24 கிராம் தூய ஆல்கஹால். அதற்கு மேல் போனால் நாக்கும் தீர்ப்பும் இரண்டும் மழுங்கிவிடும். ஒவ்வொருவர் முன்னும் உமிழ்வதற்கு மூடியுள்ள ஒரு பாத்திரம் வையுங்கள். உமிழ்வது மரியாதைக் குறைவல்ல என்று தொடக்கத்திலேயே சொல்லி, நீங்களே முதலில் செய்து காட்டுங்கள். அந்த இரவு வண்டி ஓட்ட வேண்டியவர் முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். மணத்தில்தான் பாதிச் சேதி இருக்கிறது.

பாட்டில்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் திறக்க வேண்டும். மாதக்கணக்கில் பாதியாகக் கிடந்த பாட்டிலின் மணம் மாறியிருக்கும். அதைப் புதிதாகத் திறந்ததோடு நிறுத்துவது நியாயமன்று. குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், பனிக்கட்டி போடாதீர்கள், உப்பும் எலுமிச்சையும் அன்று மேசைக்கே வரக்கூடாது. ஊற்றிய பின் பத்து நிமிடமாவது கோப்பையை அப்படியே விட்டுவிடுங்கள். முதலில் மேலெழும் சாராய நெடி அடங்கும். முகரும்போது மூக்கை உள்ளே நுழைக்காமல், கோப்பையின் விளிம்பருகே வைத்து, வாயைச் சற்றுத் திறந்து மூச்சை இழுத்தால் எரிச்சல் குறையும். முதல் மிடறு நாவைப் பழக்குவதற்கு மட்டுமே; அதை வைத்து எதையும் எழுதக் கூடாது. இரண்டாவது மிடற்றை வாயில் சில நொடிகள் உருட்டி, விழுங்கியோ உமிழ்ந்தோ முடித்து, மூக்கின் வழியே மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். நெடுநேரம் நிற்கும் பின்மணம் அப்போதுதான் வரும். இடையில் தண்ணீரும் உப்பில்லாத வெறும் ரொட்டித் துண்டும் போதும். வாசனைத் தைலம் பூசி வர வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்; ஒருவர் பூசியது அறை முழுவதையும் கெடுத்துவிடும்.

பதில்: எண்ணிப்பார்ப்பவள்

மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நூற்றுக்கு இத்தனை என்று கேட்காதீர்கள். ஒருவர் 70-க்கும் 95-க்கும் இடையே தாராளமாக உலவுவார், இன்னொருவர் 84-ஐயும் 86-ஐயும் விட்டு நகரமாட்டார். கூட்டிப் பார்த்தால் தாராளமானவரின் விருப்பமே முடிவாகிவிடும். அதற்குப் பதிலாக, ஐந்து கோப்பைகளையும் பிடித்த வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். முதலிடத்துக்கு 1, கடைசி இடத்துக்கு 5. ஆறு பேருடைய எண்களையும் ஒவ்வொரு கோப்பைக்கும் கூட்டினால் மிகக் குறைவான கூட்டுத்தொகை 6, மிக அதிகமானது 30, எவருக்கும் தனி விருப்பம் இல்லையென்றால் எல்லாம் 18-ஐச் சுற்றியே நிற்கும். 16-க்கும் 19-க்கும் இடையே எல்லாம் கூடிவிட்டால் வெற்றியாளர் என்று யாரையும் அறிவிக்க வேண்டாம்.

நான்கு டெக்கீலா என்றால் ஐந்தாவது கோப்பை எங்கிருந்து வரும் என்று நினைப்பீர்கள். அந்த நான்கில் ஒன்றையே வேறு எண்ணில் இரண்டாம் முறை வையுங்கள். அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிடலாம். எது என்று மட்டும் சொல்ல வேண்டாம். ஒரே டெக்கீலாவுக்கு ஒருவர் முதலிடமும் ஐந்தாமிடமும் கொடுத்திருந்தால், அன்றைக்கு அவர் கொடுத்த மற்ற இடங்களையும் அந்த அளவுக்குத்தான் நம்பலாம். நண்பரை மடக்குவதற்கு இதைச் செய்வதில்லை, நம் நாக்கின் எல்லையை நாமே அளந்துகொள்ளத்தான் செய்கிறோம் என்று அன்போடு விளக்கிவிட்டால் ஒருவரும் மனம் வருந்த மாட்டார்கள்.

எல்லோரும் ஒரே வரிசையில் குடிப்பதும் தவறு. முதல் கோப்பை எரிக்கும், கடைசிக் கோப்பைக்கு நாக்கு மரத்திருக்கும். கூடியவரை வெவ்வேறு கோப்பையிலிருந்து தொடங்கட்டும். மூவர் இடமிருந்து வலமாகவும் மூவர் வலமிருந்து இடமாகவும் போகட்டும். திசையை மாற்றாமல் தொடக்கத்தை மட்டும் மாற்றினால், குறிப்பிட்ட ஒரு கோப்பைக்குப் பின் எப்போதும் குறிப்பிட்ட இன்னொன்றே வரும். இனிப்பானதை அடுத்து வருவது எல்லோருக்கும் கசந்துவிடும்.

பேச்சைத் தடுப்பது எளிதல்ல என்று அறிவேன். தாள்களைத் திரட்டி முடிக்கும்வரை மௌனம் என்பதை விதியாகவே வையுங்கள். அரை மணி நேரம்தான் ஆகும். பிறகு பேசுவதற்கு இரவு முழுவதும் இருக்கிறது.

இன்னொரு சிறு விளையாட்டையும் சொல்கிறேன். இருவேறு டெக்கீலாக்களை எடுத்து, மூன்று கோப்பைகளில் ஒன்றை இருமுறையும் மற்றதை ஒருமுறையும் ஊற்றி, தனித்து நிற்பது எது என்று கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு பங்கு சரியாக வரும். ஆறு பேரில் இருவர் சரியாகச் சொன்னால் அதில் ஒன்றுமில்லை. ஐவரோ அறுவருமோ சரியாகச் சொன்னால், அது தற்செயலாக நேர இரண்டு சதவீத வாய்ப்புகூட இல்லை. உங்கள் வழக்கில் உள்ள இரு தரப்பினருக்கும் முதலில் இதைத்தான் வைப்பேன். வேறுபாடே தெரியாதபோது எது உயர்ந்தது என்ற கேள்விக்கு இடமில்லை.

விலையைக் கடைசியில் சொல்லுங்கள். 2008-இல் அமெரிக்காவின் கால்டெக், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் ஒருமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, விலை கூடியதாகச் சொன்னதையே அதிகம் விரும்பியதாக மக்கள் சொன்னார்கள். மூளையின் ஒளிப்படத்திலும் இன்பத்தோடு தொடர்புடைய பகுதி கூடுதலாகச் செயல்பட்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை, விலையைக் கேட்டதும் உண்மையிலேயே கூடுதலாக இன்புற்றார்கள் என்பதே அதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மறுமொழி: ஆறுகோப்பை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே நேற்று மாலை நடத்தினோம். மேட்டுநிலத்திலிருந்து இரண்டு, பள்ளத்தாக்கிலிருந்து இரண்டு, எல்லாம் பிளாங்கோ, எல்லாம் 40 சதவீதம். பள்ளத்தாக்கினவற்றில் ஒன்று இருமுறை. மௌனவிதியை அறுவரும் காப்பாற்றினார்கள் என்பதே எனக்கு வியப்பு. தாளும் பேனாவும் உரசும் ஒலியைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

கூட்டுத்தொகைகள் 11, 17, 18, 20, 24 என்று வந்தன. இருமுறை வைத்த டெக்கீலாவுக்கு 17-ம் 20-ம் கிடைத்தன. மூவர் அதன் இரு கோப்பைகளையும் அடுத்தடுத்த இடங்களில் வைத்திருந்தார்கள். நான் ஒன்றை இரண்டாவதாகவும் மற்றதை ஐந்தாவதாகவும் வைத்திருந்தேன். நிலத்தைப் பற்றிய கருத்து எங்களிடம் நிற்கவில்லை: மேட்டுநிலத்தினதில் ஒன்று முதலிடம் பெற்றது, மற்றது கடைசியில் நின்றது.

முதலிடம் பெற்றதைப் பற்றி ஓர் ஐயம் இருக்கிறது. ஐந்து பேர் அதன் தாளில் வனிலா என்று எழுதியிருக்கிறார்கள். இருவர் கேக்கின் மேல்பூச்சு என்றே எழுதியிருக்கிறார்கள். மரத்தையே தொடாத பிளாங்கோவில் இவ்வளவு வனிலா எப்படி வரும்?

பதில்: நீலக்கற்றாழை

நல்ல கேள்வி. பிளாங்கோவும் சில வாரங்கள் மரத்தில் இருந்திருக்கலாம். வேகவைத்த கற்றாழையிலும் நொதித்தலிலும் மெல்லிய வனிலாச் சாயல் தோன்றுவதும் உண்டு. ஆனால் ஐவர் ஒரே சொல்லை எழுதும் அளவுக்கு இருந்தால் வேறு ஒன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கேரமல் நிறமி, ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகியவற்றை, மொத்த எடையில் 1 சதவீதத்துக்கு மிகாத அளவில், லேபிளில் குறிப்பிடாமலேயே பீப்பாயில் வைத்த வகைகளில் சேர்க்க விதி இடம் கொடுக்கிறது; பிளாங்கோவுக்கு அந்த அனுமதி இல்லை, ஆனாலும் சேர்ந்திருக்கக்கூடும். அளவு சிறிது; ஆனால் அடர்ந்த இனிப்பூட்டியும் மணச்சாறும் அந்தச் சிறு அளவிலேயே கோப்பையின் குணத்தை மாற்றிவிடும்.

வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். நான்கிலும் 15 மில்லி எடுத்து, தனித்தனி வெள்ளைத் தட்டுகளில் ஊற்றி, தூசி படாமல், நெருப்பு அருகில் இல்லாத இடத்தில் ஆறவிடுங்கள். தண்ணீரும் ஆல்கஹாலும் ஆவியாகிப் போய்விடும். மரம் படாத டெக்கீலாவில் ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சக் கூடாது. விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு மிஞ்சினால் இனிப்போ கிளிசரினோ சேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். மணச்சாறு மட்டும் சேர்த்திருந்தால் இந்தச் சோதனையில் அகப்படாது. அதையும் நினைவில் வையுங்கள்.

இனிப்பு சேர்ந்ததை விரும்பியதற்காக எவரும் கூச வேண்டியதில்லை. அவர்கள் எழுதியது அவர்கள் சுவைத்தது.

மறுமொழி: ஆறுகோப்பை

இரண்டு நாள் தட்டுகளை மேசையில் வைத்திருந்தேன். மூன்றில் துடைத்தால் போகும் மெல்லிய தடம் மட்டும் இருந்தது. முதலிடம் பெற்றதன் தட்டில் விரல் ஒட்டியது. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். பிளாங்கோ தரப்பில் வாதிட்டவர்களில் ஒருவர் அதற்குத்தான் முதலிடம் கொடுத்திருந்தார். தட்டைத் தானே வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த மாலைக்குச் செங்கல் அடுப்பில் வெந்தவை இரண்டும் டிஃபியூசரில் எடுத்தவை இரண்டும் தன் பொறுப்பு என்று சொல்லிப் போயிருக்கிறார்.